சனிக்கிழமை மீன்

தேவனேரி
8-7-76

பம்பாயில் இருக்கும் மகன் மூர்த்திக்கு அம்மா எழுதுவது. கன்னியம்மன் புண்ணியத்துல நானும் நைனாவும் உன் தங்கச்சி வச்சலாவும் ஒரு மாதிரி கீறோம். அங்க பேய் மழைன்னு ரேடியோவுல சொன்னாங்களாம், உன் உடம்பு எப்படி கீதுன்னு எழுது. நைனாவுக்கு முட்டி வலி, சொன்னா கேக்காம கட்டுமரம் ஏறிகினுதான் கீறாரு.

சவுக்குத்தோப்பு ஹோமை மூடிட்டாங்கப்பா, வச்சலாவை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த வெள்ளைக்கார அம்மா இருந்த வரைக்கும் புத்தி வளராத புள்ளைங்களைக் கை கோத்து சாயங்காலம் கடலுக்குக் கூட்டியாருவாங்க, ஊரே பாக்கும். அந்தம்மா அவங்க நாட்டுக்குப் போனதும் வார்டன் திருநாவுக்கரசு வந்தான், கேட்டுக்குப் பூட்டு வந்துது, அப்புறம் ஒரு புள்ள முகம் வெளிய தெரியல. இப்ப கட்டிலெல்லாம் மாட்டு வண்டியில போவுது, வெளிநாட்டுக்காரங்க தங்க ஓட்டல் கட்டப் போறாங்களாம். வூடு வாசல் இல்லாத புள்ளைங்களை எங்க கொண்டுகினு போனாங்கன்னு கேட்டா, வண்டிக்காரன் மாட்டை அதட்டிகினு போறான்.

வச்சலா வந்த அன்னிக்கு ஆசையா மத்திக் குழம்பு வச்சேன். சின்னதுல அவ முள்ளு எடுக்கிற அழகை நீதானே சொல்லிச் சொல்லிச் சிரிப்ப. இப்ப இன்னான்னா மீனை அப்படியே வாயில போட்டுகினா. முள்ளு மாட்டி கண்ணு பிதுங்கிடுச்சு, வெறுஞ்சோத்தை உருட்டி முழுங்க வச்சு, ஐயோ நான் பட்ட பாடு. மீனு இன்னான்னே மறந்து போயிருக்குதுப்பா. சனிக்கிழமை தவறாம கூடையில நல்ல மீனா பொறுக்கி ஹோம் சமையக்கட்டு வாசல்ல குடுத்தவ நான். உள்ள விடமாட்டான், உங்க பொண்ணு நல்லா சாப்பிடுதும்மான்னு பல்லைக் காட்டுவான் அந்த வார்டன். எவன் தின்னான் அந்த மீனை? மீனே இப்படின்னா மத்ததெல்லாம் எப்படி நடந்திருக்கும்? தலை வார சீப்பு எடுத்தா ரெண்டு கையால தலையை மூடிக்கிறா.

நீ இன்னாடான்னா செங்கல்பட்டுல புது ஹோம் வருது, சீக்கிரம் சேத்துடுங்கன்னு எழுதுற. அதுக்கும் அவன்தான் வார்டனாம், நேத்து வந்து நிக்கிறான். துடைப்பத்தை எடுத்தேன். அவன் கொஞ்சங்கூட அசராம, உங்க புள்ளைக்குத் தெரியாதது இல்லம்மா, போன பொங்கலுக்கு வந்தப்ப உள்ள வந்து எல்லாம் பாத்துட்டுத்தானே போனாருன்னு சொல்றான். நீ போனதா எங்ககிட்ட மூச்சு விடலியே. அவன் புளுகுறான்னு நைனா சொல்றாரு. நானும் அப்படித்தான் நினைக்கப் பாக்குறேன், முடியல. செய்யூர்ல உனக்குப் பொண்ணு பாக்குறோமே, இப்படி ஒரு தங்கச்சி இருக்கிறது அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னுதானா இந்த அவசரம்?

வச்சலா எங்கியும் போவ மாட்டா. நீ லீவு போட்டு வா. பாக்கலம்மான்னு என் மூஞ்சைப் பாத்து சொல்லு, நம்புறேன். பாத்தேன்னா, இன்னா பாத்தேன்னு அவளைப் பக்கத்துல வச்சிகினு சொல்லு. கடுதாசியில எழுதி அனுப்பாத.

வேளைக்குச் சாப்பிடு, மழையில நனையாத. அம்மன் உன்னைக் காப்பாத்தட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. வச்சலாவுக்குப் புதுப் பாவாடை கட்டி அவங்க முன்னாடியேதான் உக்கார வைக்கப் போறேன்.

இப்படிக்கு,
உன்னையும் அவளையும் பெத்தவ,
ஆதியம்மாள்