இன்னொரு சாவி

அப்பாவுக்கு வணக்கம்.

பேசாமல் இருந்தது போதும். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஷார்ஜாவில் நான் நலம்.

போன வாரம் நான் வேலை செய்யும் கிடங்கில் இரண்டு செல்போன்கள் காணாமல் போயின. பழி என்னோடு வேலை செய்யும் யாசின் மேல் விழுந்தது. "எடுத்தவன்கிட்ட சாவி இருந்திருக்கு. யாசின்கிட்டயும் சாவி இருக்குது. அப்ப அவன்தான்" என்றார் கடலூர்க்கார மேலாளர். அந்த வாதம் ஓட்டை என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது தப்பு என்று பட்டது. "இன்னா சார், உங்ககிட்டயுந்தான் சாவி இருக்குது!" என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். யாசின் வேலை தப்பியது.

"தத்துவம் படிச்சி இன்னாடா கிழிக்கப் போற?" என்றீர்களே, அந்தப் படிப்புதான் கேட்க வைத்தது. நம் கரும்புக்கொல்லை மோட்டார் களவுபோனபோது, கொட்டகைச் சாவி என்னிடம் இருந்ததால் என்னைத் திருடன் என்றீர்கள். அண்ணனிடமும் ஒரு சாவி இருந்தது.

பரணில் உள்ள என் தர்க்கப் புத்தகத்தை அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி எழுதினாலும் போதும்.

என் பெயரைப் பார்த்தாலே உங்களுக்குக் கோபம் வரும். அதனால் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன். எழுதியவனை விடுங்கள், எழுதியது சரியா என்று பாருங்கள்.