மாட்டுக் கூடைக்குப் போன கீரை

டீச்சர்,

இன்று காலை தர்மபுரி உழவர் சந்தையில் ஒரு பெண் பண்ணைக்கீரையைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தாள். கேழ்வரகுக் காட்டில் நாம் பிடுங்கிய களைக்கு இப்போது தண்ணீர் தெளித்து மரியாதை நடக்கிறது. ஒரு கட்டை எடுத்து முகர்ந்தேன். நனைந்த செம்மண்ணும் பச்சையுமாக அந்த வாசம் ஏறியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல கீரைதானுங்க, காத்தால பறிச்சது," என்று அவள் பதறினாள். நீங்கள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் எங்கள் ஊருக்கு வந்த அன்று சிரித்தது நாங்கள்தான். எண்பதுகளின் தொடக்கம் அது. பென்னாகரம் பஸ்ஸிலிருந்து ஒரு கையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் மறுகையில் பையுமாக இறங்கினீர்கள். தாய்மார்களுக்குச் சத்தான சமையல் சொல்லித்தர மிஷன் ஆஸ்பத்திரி அனுப்பியிருந்தது. உங்களுக்கும் என் வயதுதான் இருக்கும். பள்ளிக்கூடத்து வராந்தாவில் எங்களை உட்கார வைத்துப் பையைத் திறந்தீர்கள். கேரட், பீன்ஸ், பால் பவுடர் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. என் வாய் சும்மா இருக்குமா? "டீச்சர், கேரட்டு எந்த மரத்துல காய்க்குதுங்க?" என்று கேட்டேன். வராந்தாவே அதிர்ந்தது. உங்கள் முகம் சுண்டிப்போனாலும் கரண்டியை விடவில்லை நீங்கள்.

ஊரைச் சிரிக்க வைத்தேனே தவிர, என் வீட்டில் சிரிக்க ஒன்றும் இல்லை. நாலு வயது செல்விக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பாள். எதிரிலேயே நிற்கும் என்னை, "அம்மா எங்க?" என்று தேடுவாள். வகுப்பு கலைந்த பிறகு அதை உங்களிடம் மட்டும் சொன்னேன். மறுநாளே எங்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்கள். டாக்டர் மருந்து கொடுத்தார். சாப்பாடும் மாறவேண்டும், இல்லாவிட்டால் பார்வையே போய்விடலாம் என்றார்.

திரும்பி நடக்கும்போது நீங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள்.

"பாப்பா என்ன சாப்பிடறாங்க?"

"களியும் மொளகாத் தண்ணியுந்தானுங்க."

"பால்?"

"அது விக்கறதுக்கு சொசைட்டிக்குப் போயிருதுங்க."

"கீரை?"

"கொழந்தைக்குக் கீரை குடுத்தா வயிறு போவுங்க. களை வெட்டறப்ப வர்ற கீரையெல்லாம் மாட்டுக்குத்தான்."

நீங்கள் நடுரோட்டில் நின்றுவிட்டீர்கள். கீரை மாட்டுக்கு, பால் சொசைட்டிக்கு, பிள்ளைக்கு மிளகாய்த் தண்ணீர். அதுதான் எங்கள் ஊர் வழக்கம், யாரும் யோசித்ததில்லை. "நான் கேரட்டத் தூக்கிட்டு வந்தது தப்புங்க. நாளைக்கு உங்க காட்டுக்கே வர்றேன்," என்றீர்கள்.

சொன்னபடியே வந்தீர்கள். களையென்று நினைத்துக் கேழ்வரகுப் பயிரையே பிடுங்கினீர்கள். "டீச்சர், அது களியாவ வேண்டியதுங்க!" என்று நான் கத்தியது அடுத்த காட்டுக்கும் கேட்டது. பிறகு இரண்டு கூடை கேட்டீர்கள், ஒன்று மாட்டுக்கு, ஒன்று சட்டிக்கு. பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் சட்டிக் கூடைக்கு என்றதும் என் மாமியார் நிமிர்ந்தார்.

"மாடு வயிறு காஞ்சா பாலு எங்கிருந்து வரும்? சொசைட்டிக்கு என்னத்த ஊத்தறது?"

"மாட்டுக்கு வேற புல்லு இருக்குதுங்க ஆத்தா. பேத்திக்கு வேற கண்ணு இல்லீங்களே," என்றீர்கள் நீங்கள்.

மாமியார் அடுத்துப் பிடுங்கிய பண்ணைக்கீரை சட்டிக் கூடையில் விழுந்தது. எதற்கும் மசியாத மனுஷி அவர். வரப்பிலேயே ஸ்டவ்வைப் பற்றவைத்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்தீர்கள். வெந்த தண்ணீரைக் கொட்டவிடாமல், வறுத்த நிலக்கடலையை இடித்துப்போட்டுக் கடைந்தீர்கள். "மொதல்ல கொஞ்சமா ஊட்டுங்க. ஒண்ணும் ஆவாது," என்றீர்கள். நான் பயந்துகொண்டேதான் ஊட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. அன்று முதல் ஒரு டம்ளர் பாலும் சொசைட்டிக்குப் போகாமல் வீட்டில் நின்றது.

அப்புறம் உங்கள் வகுப்பு காட்டைப் பார்த்துத்தான் நடந்தது. அவரை காய்த்தால் அவரைக்காய், கொள்ளு அடித்தால் கொள்ளு, துணி துவைக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் பப்பாளி. ஊரில் பிள்ளைகள் தேறினார்கள். ஒருநாள் பொழுது சாய்ந்து மசங்கிய நேரத்தில் செல்வி, "அம்மா, அந்தக் கோழி இன்னும் கூட்டுக்குப் போவல பாரு," என்று வேலியோரம் கை காட்டினாள். நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீங்கள் தங்கியிருந்த வீட்டுக்கு ஓடினேன். நீங்கள் அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு நன்றி சொல்ல அன்று எனக்கு வார்த்தை வரவில்லை. இப்போதும் சரியாக வரவில்லை.

இன்றும் களை எடுக்க உட்கார்ந்தால் என் கை தானாக இரண்டாகப் பிரித்துப் போடுகிறது. பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் உங்களை அடக்கம் செய்ய எடுத்துச் சென்றபோது நன்றாக இருட்டிவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் விளக்கு இல்லை. எனக்கு இப்போது இரண்டு கண்ணிலும் புரை, கால் வைக்கும் இடம் தெரியாமல் தடுமாறினேன். "மேடு இருக்குதும்மா, பாத்து வையி. நான் பாத்துக்கறேன், வா," என்று செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணை நம்பித்தான் டீச்சர், உங்கள் குழிவரை நடந்துவந்து ஒரு பிடி மண் போட்டேன்.