பையின் அடியில் வைத்த போர்வை

மார்ச் 3, திங்கள்

ஆற்றுப் பாலம் கட்டி முடிக்கும் முன்பே பாதி இடிந்து விழுந்ததே, அந்த வருஷம். ரயில்காரர்கள் இருபத்திரண்டு நாள் வேலைநிறுத்தம் செய்ததும் அதே வருஷம்தான். பழைய சினிமாக் கொட்டகை தீப்பிடித்து எரிந்தது. என் மகள் பிறந்து ஐந்து மாதம். அப்போதுதான் குப்புற விழ ஆரம்பித்திருந்தாள். எனக்கு வருஷத்தை எண்ணால் சொல்ல வராது, இப்படித்தான் சொல்ல வரும். மகள் விரல் விட்டு எண்ணி, “நாப்பத்தோரு வருஷம் ஆச்சுப்பா” என்றாள்.

மலையேறும் சங்கத்தின் புதுச் செயலாளர் இன்று வீட்டுக்கு வந்ததால்தான் இந்தப் பேச்சு. சங்கத்துக்கு ஐம்பது வயதாம், புத்தகம் போடுகிறார்களாம். மலைக்குப் போகிறவர் பையில் என்னென்ன இருக்க வேண்டும், அடிபட்டால் எது, வழி தவறினால் எது என்று நான் சொல்ல வேண்டுமாம்.

“மருந்துப் பை தூக்கினவர் நீங்க. உங்களை விட்டா யாரு பெரியவரே?” என்றார். நல்ல பிள்ளை. காப்பியைக் குடித்துவிட்டு அவரே சொன்னார்: “புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாள் பாடமே உங்க கதைதான். போர்வை மறந்த கதை.”

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

எனக்கு எழுதத் தெரியாது. ஃபோனில் பேசி வைக்கிறேன். மகள் கோர்ட்டில் தட்டச்சு வேலை பார்ப்பவள். சாயங்காலம் வந்து கேட்டு அடித்துத் தருகிறேன் என்றாள். தேதியைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும், அது அவள் உத்தரவு.

மார்ச் 4, செவ்வாய்

பையை அடியிலிருந்து கட்ட வேண்டும். எப்போதாவது வேண்டியது அடியில், உடனே வேண்டியது மேலே. கண்ணை மூடிக்கொண்டால் கை சொல்லும்.

முதுகுப் பக்கம் ரப்பர் விரிப்பு. அடியில் கம்பளிப் போர்வை. அதற்குமேல் கயிறு, கை முறிந்தால் கட்ட இரண்டு தட்டைக் குச்சி, பெரிய முக்கோணத் துணி. நடுவில் மருந்து டப்பா: பஞ்சு, சுற்றுத்துணி, பிளாஸ்திரி, புண் கழுவும் மருந்து, கத்தரி, ஊக்கு, காய்ச்சல் மாத்திரை, பேதி மாத்திரை. உப்பும் சர்க்கரையும் தனித்தனிப் பொட்டலம். தீப்பெட்டி தகர டப்பாவில். டப்பாவின் மூடிக்கு மெழுகு பூச வேண்டும், இல்லையென்றால் மழையில் தீப்பெட்டி கூழாகிவிடும். மேலே டார்ச், விசில், கத்தி, ஒரு ஆளுக்கு ஒரு வேளைக்கான ரொட்டி.

இனி சொல்வது புத்தகத்துக்கு இல்லை, மகளுக்கு. அவளுக்கும் படிக்க இருக்கட்டும்.

போர்வையை நான் வைத்தேன். இந்தக் கையால் மடித்து, முழங்காலால் அமுக்கி, பையின் அடியில் வைத்தேன். மலைமேல் இதே கையால் துழாவினேன். இல்லை. இரண்டும் எனக்கு நேற்று நடந்த மாதிரி நினைவிருக்கிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்?

மார்ச் 5, புதன்

பேச ஒன்றும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

மகள் சொல்கிறாள், “முழுசாச் சொல்லுங்கப்பா, பாதி பாதியா அடிச்சா எனக்கே புரியலை.”

சரி. போனவர்கள் ஐந்து பேர். கணக்கு வாத்தியார், அப்போது அவர்தான் செயலாளர். ஸ்டுடியோ வைத்திருந்த படக்காரர். ஊரே அவரை ஃபிளாஷ் என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரி நர்ஸம்மா. ஜீப் ஓட்டிய டிரைவர் அண்ணன், அவர் மலையேறவில்லை, கீழேயே இருந்தார். ஐந்தாவது நான்.

அடிவாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாத்தியார் காகிதத்தைப் பார்த்துப் படிப்பார், பை தூக்குகிறவன் பதில் சொல்ல வேண்டும். “கயிறு?” “இருக்கு.” “விசில்?” “இருக்கு.” “போர்வை?” “இருக்கு.” எனக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். அவர் வாயைத் திறக்கும் முன்பே என் வாயில் பதில் வந்துவிடும். பையைத் திறந்து பார்த்தேனா? பார்க்கவில்லை. வீட்டில் நானே கட்டிய பைதானே, திறப்பானேன்?

மத்தியானத்துக்குமேல் மழை. ஃபிளாஷ் பாறை விளிம்பில் நின்று படம் எடுக்கப் போய் வழுக்கிவிட்டார். தலையில் அடி, கால் முறிவு. இருட்டிவிட்டது, இறங்க வழியில்லை. நர்ஸம்மா கட்டுப் போட்டார். உடம்பு விறைக்கிறது, போர்வை எடுங்கள் என்றார். நான் பையைத் தலைகீழாகக் கொட்டினேன். போர்வை மட்டும் இல்லை. எல்லோருடைய சட்டையும் நனைந்திருந்தது, நனைந்ததையே போர்த்தினோம். விடிவதற்குள் போய்விட்டார்.

கடைசி வரை கண் திறக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மறந்திருந்தால் போர்வை வீட்டில் இருக்க வேண்டுமா இல்லையா? வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். இல்லை. “வித்துத் தின்னிருப்பான்” என்று சங்கத்தில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். வாத்தியார்தான் அடக்கினார்: “மறந்துட்டான், விடுங்கப்பா.” அதை நான் மறுக்காமல் விட்டேன். திருடன் என்பதற்கு மறதிக்காரன் தேவலாம் இல்லையா? மருந்துப் பையை வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் தூக்கியது சமையல் பாத்திரம்.

மார்ச் 9, ஞாயிறு

செயலாளர் ஒரு புதுக் கால மருந்துப் பையைக் கொடுத்தனுப்பினார், மாதிரி பார்க்க. பை கைக்குட்டை கனம்கூட இல்லை. உள்ளே மிட்டாய்க் காகிதம் மாதிரி வெள்ளியாய் ஒன்று. “இது என்னம்மா, சோறு கட்டவா?” என்றேன். “இதான்ப்பா இப்போ போர்வை” என்கிறாள். விரித்தால் ஆள் உயரம், சலசலவென்று சத்தம். தலையே சுற்றுகிறது.

“உங்க பை என்ன கனம் இருக்கும்?” என்று கேட்டாள்.

என்ன கனமா! வீட்டிலிருந்து தெருமுனை ஜீப்புக்குப் போவதற்குள் தோள் அறுந்தது. நனையாத போதே அந்தக் கம்பளி ஒரு கைக்குழந்தை கனம். ஆனால் அடிவாரத்தில் தூக்கினால் பை பூ மாதிரி ஏறி உட்கார்ந்தது. வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது டிரைவர் அண்ணன் பைக்கு அகலமான பட்டை வைத்துத் தைத்தார், அதனால்தான். “உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் அண்ணே”ன்னுகூடச் சொன்னேன்.

மகள் அடிப்பதை நிறுத்திவிட்டாள். “அப்பா, பட்டை மாத்தினா தோள் வலி குறையும். பை எப்படிப்பா கனம் குறையும்?”

மார்ச் 10, திங்கள்

நாற்பத்தோரு வருஷமாக இது எனக்கு ஏன் தோன்றவில்லை? ஏன்?

வீட்டில் கனம். அடிவாரத்தில் கனமில்லை. நடுவில் ஜீப். அப்படியென்றால் நான் மறக்கவில்லை. மறக்கலைடா நான்!

யாரிடம் போய்ச் சொல்ல? மகளின் அம்மா இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். “வீட்ல இல்லைங்க, சத்தியமா இல்லைங்க” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள்.

மார்ச் 12, புதன்

யார் எடுத்தது?

டீக்கடையில் நான், டிரைவர் அண்ணன், வாத்தியார் மூவரும் பெஞ்சில். பட்டை தைத்து முடித்ததும் அண்ணன்தான் பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு வந்தார். நர்ஸம்மா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு அப்படியே வந்தவர். ஃபிளாஷ் பாதி டீயில் எழுந்தார். ஃபிலிம் எடுக்க வேண்டும் என்று ஜீப்புக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஃபிலிம் இல்லை. டீ ஆறிவிட்டது என்று கடைக்காரரோடு வம்பு பண்ணினார். கிளம்பும்போது அவர் மட்டும் பின்னால் ஏறினார்; நாங்கள் மூவரும் முன்சீட்டில், பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பையின் வாய் முடிச்சை எல்லோருக்கும் அவிழ்க்கத் தெரியாது. அவருக்குத் தெரியும். கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார்.

செத்துப்போனவரைப் போய்... எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எடுத்து அவர் என்ன செய்தார்?

மகள் சொல்கிறாள், நர்ஸம்மாவைக் கேட்டால் தெரியும் என்று. அவளுடைய அம்மாவுக்குக் காலில் புண் வந்தபோது நாலு மாதம் தினமும் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போனவர் நர்ஸம்மா. எனக்கு அது அப்போதே குழப்பம்தான். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர், பாத்திரம் தூக்குகிறவன் வீட்டுக்கு ஏன் வரவேண்டும்?

மார்ச் 16, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

மூன்றாவது மாடி. லிஃப்டில் ‘பழுது’ என்று எழுதியிருப்பதாக மகள் சொன்னாள். ஏறினோம். நர்ஸம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தார். “மலையெல்லாம் ஏறின ஆளு, மூணு மாடிக்கு இப்படி மூச்சு வாங்குறீங்களே அண்ணே!” என்றார்.

சங்கத்துப் புத்தகம் என்றுதான் ஆரம்பித்தேன். பட்டியலைச் சொன்னேன். போர்வை என்று வந்ததும் நர்ஸம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

“நான் சொல்லிடறேன் அண்ணே. சாகறதுக்குள்ள சொல்லணும்னு இருந்தேன். கண்ணு முழிச்சப்ப என் மேல உங்க போர்வை. ஜீப்பு அடிவாரத்துக்கு வந்துடுச்சு. மடிச்சு சீட்டுக்கு அடியில தள்ளிட்டு இறங்கிட்டேன். உங்க சாமான், நீங்க எடுத்து வெச்சுக்குவீங்கன்னு. மேல நீங்க பையைக் கொட்டினப்பதான்... எனக்கு நாக்கே எழும்பலை. கீழே வந்ததும் என் பைக்குள்ள ஒளிச்சு எடுத்துட்டுப் போயிட்டேன்.”

அவரே தொடர்ந்தார்.

“நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘நர்ஸம்மா குளிர்ல நடுங்குச்சு, அதுக்குப் போத்திவிட்டேன்’னு. சொல்லலை. திருடன்னு சொன்னாங்க, அப்பவும் சொல்லலை. எனக்காக ஏன் அண்ணே இத்தனை வருஷம்?”

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. பிறகு மெல்ல விளங்கியது. நான் போர்த்திவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். அந்தப் பையை நான் தவிர யார் தொடுவார்கள் என்று நினைத்திருக்கிறார். தினமும் வந்து கட்டு மாற்றியது அதற்கு.

போர்வை இருந்தால் ஃபிளாஷ் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். “தலையில அடி. தெரியலை அண்ணே. அதை நினைக்காத நாளில்லை. ஆனா ஒண்ணு, அது என் மேல கிடந்தது நீங்க போட்டதால. நல்ல மனசுல போட்டது. அதை நினைச்சுத்தான் தூங்கறேன்” என்றார்.

மகள் என் பக்கத்தில் இருந்தாள். “நர்ஸம்மா, அது அப்பா இல்...” என்று ஆரம்பித்தாள். அவள் கையை அழுத்திப் பிடித்தேன்.

யார் போர்த்தியது என்று தெரிந்தால்? விறைத்துச் செத்தவரேதான் தன் பங்குச் சூட்டை எடுத்து இவருக்குக் கொடுத்தார் என்று தெரிந்தால், இந்த அம்மா எப்படித் தூங்குவார்?

“ஆமாம்மா. நான்தான். எடுத்து வைக்க மறந்துட்டேன்” என்றேன்.

நாற்பத்தோரு வருஷத்தில் அப்படி நானே வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை.

மார்ச் 17, திங்கள்

மகள் பேசவில்லை. அடிக்கிறாள், ஆனால் பேசவில்லை. கடைசியில், “ஆறு நாளைக்கு முன்னாடி ‘நான் மறக்கலைடா’ன்னு குதிச்சீங்களே” என்றாள்.

ஏழு நாள், என்றேன்.

நான் செய்தது சரியா? தெரியவில்லை. ஃபிளாஷுக்கும் ஒரு நல்ல பேர் வரவேண்டியிருந்தது, அதையும் நான் விழுங்கிவிட்டேன். அவர் பெண்டாட்டி, பிள்ளை என்று யாருமில்லாதவர். கேட்க ஆளில்லை என்பதால் செய்தேனா? என்னைக் கேட்டால் எனக்கே தெரியவில்லை.

மார்ச் 19, புதன்

பட்டியலில் ஒன்று சேர்க்கச் சொன்னேன். அடிவாரத்தில் பையைத் திறந்து, ஒவ்வொன்றையும் கையால் தொட்ட பிறகுதான் “இருக்கு” சொல்ல வேண்டும். கட்டியவரே தூக்கினாலும் சரி. வழியில் யார் எதை எடுத்தாலும், நல்லதுக்கு எடுத்தாலும், வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

மார்ச் 22, சனி

செயலாளர் வந்து காகிதங்களை வாங்கிக்கொண்டார். மகள் பட்டியலை மட்டும் கொடுத்தாள், மற்றதை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“பெரியவரே, கேக்கறதுக்குச் சங்கடமாத்தான் இருக்கு. போர்வை மறந்த கதையையும் புத்தகத்துல போடலாமான்னு... உங்களுக்கு வேண்டாம்னா எடுத்துடறோம்.”

மகள் என்னையே பார்த்தாள்.

“போடுங்க தம்பி. அப்படியே போடுங்க” என்றேன்.

அவருக்கு ஆச்சரியம். எழுதிக்கொண்டே, “அன்னைக்கு ஜீப்ல வந்தவங்கள்ல உங்களைத் தவிர யாராவது இருக்காங்களா? புத்தகம் வந்ததும் ஒண்ணு அனுப்பி வைக்கலாம்” என்றார்.

விரலை மடக்கினேன். ஃபிளாஷ் மலையிலேயே. டிரைவர் அண்ணன் சர்க்கரை வியாதியில். வாத்தியார் போன மழைக்காலத்தில்.

“ஒருத்தர் இருக்காங்க தம்பி. நல்லாப் படிப்பாங்க. அனுப்பி வைங்க. நர்ஸம்மா.”