ஜெயசீலன் ஏமாறவில்லை

நிலவுத் தளம், கணினிப் பாதுகாப்புப் பிரிவு.
எழுதுவது: வடிவு, ஊடுருவல் சோதனையாளர்.

09:10
வெளி ஆண்டெனா வழியாகத் தளத்துக்குள் நுழைய முடியுமா என்று சோதித்தேன். முடியாது. வண்டியில் திரும்புகிறேன்.

எங்கள் பிரிவில் மூன்று பேர், மூன்று பிழைப்பு. நான் சம்பளம் வாங்கித் திருடுபவள்; பூட்டை ஏமாற்றித் திறந்து, ஓட்டை எங்கே என்று சொல்வேன். ஜெயசீலன் காவல், எந்தச் செய்தியும் அவன் திரையைத் தாண்டித்தான் உள்ளே போகும். ஷமீமா தடயம், எல்லாம் நாசமான பிறகு வந்து தோண்டுவாள். சோதனையை முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. நான் வெளியேறியதைக்கூடக் கதவின் பதிவிலிருந்து அழித்துவிட்டுத்தான் வந்தேன்.

11:40
வண்டியின் பேட்டரி வெடித்தது. உடையிலிருந்த அடையாளச் சில்லு கருகிவிட்டது. நடந்தே வாசலுக்கு வந்துவிட்டேன். காற்று இரண்டு மணி நேரம் வரும். சில்லு இல்லாவிட்டால் ஜெயசீலன்தான் உள்ளிருந்து திறக்க வேண்டும். திறப்பான்.

12:05
உடையின் ரேடியோவில் கேட்டேன். பதில்:

“யக்கா, போன மாசம் இதே மாதிரி மூச்சு வாங்கிக் கெஞ்சி, கதவத் தொறக்க வச்சு, எல்லாரு முன்னாலயும் சிரிச்சியளே. மறுபடியுமா?”

அன்று ஸ்டோர் ரூமில் ஒளிந்துகொண்டு கெஞ்சினேன். கேமராவில் பொய்ப் படமும் ஓட்டினேன். பயல் உடனே விழுந்தான். சிரிக்காமல் என்ன செய்வது?

12:50
கேமரா முன்னால் கையாட்டினேன். கதவை உதைத்தேன். ஷமீமாவைக் கூப்பிடு என்று கத்தினேன்.

“அவங்க பேரையும் இழுக்கியளா? படம் பிரமாதம் யக்கா. அடையாளம் இல்லாம யாரு அழுதாலும் தொறக்கக் கூடாதுன்னு விதி எழுதுனது நீங்கதான?”

ஆமாம், நான்தான். நல்ல விதி. பாழாய்ப்போன நல்ல விதி.

13:25
காற்று இன்னும் கால் மணி நேரம்தான். டேய், கும்பிடுறேன்டா, சோதனை இல்லைடா என்று கெஞ்சினேன்.

“நடிப்புக்கு ஒரு அளவு வேண்டாமா? எனக்கே கண்ணுல தண்ணி வந்துட்டு. ஆனா கை பட்டன்கிட்ட போகல, பாத்தியளா? ரிப்போர்ட்ல நல்லா எழுதுங்க. சாப்பிட்டுட்டு வாரேன்.”

13:38
ஷமீமா, இனி உன் வேலை. அவனிடம் மெதுவாகச் சொல்.

இல்லை. மெதுவா வேண்டாம். ரேடியோவில் பதிவான என் குரலைப் போட்டுக் காட்டு. முழுசா. தினமும் போடு. அந்தப் பய தூங்கவே கூடா