தொட்டுப் பார்க்காத காய்ச்சல்

மார்ச் 5
ஹட்டனில் பயிற்சி. மருத்துவக் கருவிகளை மதிப்பிடுவது எப்படி என்று, இருபது வருடமாகத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியை நடத்தும் எனக்கு, கொழும்பிலிருந்து ஒருவர் வந்து படம் காட்டுகிறார். நெற்றிக்கு நேரே நீட்டினால் காய்ச்சலைக் காட்டும் கருவிதான் பாடம். மூடிய மண்டபத்தில், சூடாகத் தேநீர் குடித்துவிட்டு, ஒருவர் நெற்றியை ஒருவர் அளந்தோம். எல்லோருக்கும் 36.6. கைதட்டல் வேறு!

மார்ச் 8
ஆளுக்கொரு கருவி, நாற்பது கேள்விப் படிவம். ஒரு வாரம் தோட்டத்தில் சோதிக்க வேண்டுமாம். பக்கத்துத் தோட்டத்து மருத்துவிச்சி சர்மிளா இதையும் நம்பி, மழையில் மலையேறிக் கொழுந்தெடுக்கும் பெண்களை அளக்கிறாள். போனில் ஒரே பரபரப்பு. "சேர், நனைஞ்ச நெத்தியில கொறைச்சுக் காட்டுது. பழைய தெர்மாமீட்டர கக்கத்துல வச்சா ரெண்டு டிகிரி கூட இருக்கு. நீங்களும் பாருங்க." மெடல் குத்தப் போகிறார்கள் உனக்கு.

மார்ச் 11
பெட்டியைப் பிரிக்கவில்லை. நாற்பதுக்கும் 'மிக நன்று'. கையெழுத்து. அவர்களுடைய கேள்விகளுக்கு இது போதும்.

ஜூன் 19
எல்லாத் தோட்டங்களுக்கும் அதையே வாங்கிவிட்டார்கள். பழைய வெப்பமானிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஜூன் 24
கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமி மலையிலிருந்து தொப்பலாக நனைந்து வந்தாள். "ஒடம்பெல்லாம் கொதிக்குதுங்க ஐயா. லீவுக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க." கருவி 36.2 என்றது. "பொய்க் காய்ச்சலுக்குத் துண்டு இல்ல, போ" என்றேன். போனாள்.

ஜூன் 26
மலையில் மயங்கி விழுந்துவிட்டாள். லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலிக்காய்ச்சல். சிறுநீரகம் பழுது. ரெண்டு நாளைக்கு முன்னாடி அனுப்பியிருந்தா — கருவி சொல்லிச்சுன்னு யார்கிட்ட சொல்றது? அத நல்லதுன்னு எழுதினவனே நான்தானே! கைய நீட்டி நெத்திய தொட்டுப் பார்த்தேனா? நான்லாம் என்ன மனுசன்?

ஜூலை 3
பிழைத்துக்கொண்டாள். இன்னும் இயந்திரத்தில் வைத்துத்தான் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். பார்க்கப் போனேன். "வாங்கய்யா" என்று எழுந்திருக்கப் பார்த்தாள். வெட்கத்தில் செத்தேன்.

ஜூலை 15
கொழும்பிலிருந்து கடிதம். அடுத்த பயிற்சியில் நான் பேச வேண்டுமாம். ஒரு கேள்வியும் விடாமல் நிரப்பியவன் நான் ஒருவன்தானாம். சர்மிளாவின் படிவத்தைத் தள்ளிவிட்டார்கள். கட்டத்துக்கு வெளியே எழுதியிருந்தாளாம்.

ஜூலை 23
என் படிவத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். முப்பது பேர் குறிப்பெடுக்கக் காத்திருந்தார்கள்.
"இத நிரப்புனப்போ கருவிய நான் பெட்டியிலேர்ந்து எடுக்கவே இல்லீங்க" என்றேன்.
சிரித்தார்கள். மறுபடியும் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள்.
பிறகு நாகலெட்சுமியின் பெயரைச் சொன்னேன்.