ஷெரினின் பத்து வயதுப் படம்

ஜூன் 12, வியாழன்

தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஓயவில்லை. கராஜ் முழுக்க மணல். பாதியில் கழற்றிய படகு இஞ்சினைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு ரவுன் கடைத்தெருவுக்குப் போனேன்.

சனிக்கிழமை மனைவி ரெஜினாவின் பிறந்தநாள். இதுவரை கொடுத்தவை: சீலை, செருப்பு, ஒருமுறை மிக்சி. இந்த முறை வேறு.

யோசனை வந்தது ஒரு கலியாண வீட்டில். கலியாணப் பொம்பிளையின் செத்துப்போன தகப்பன், படத்தில் மகளுக்குப் பக்கத்தில் கோட் போட்டு நின்றார். ஸ்ரூடியோவில் கொம்பியூட்டரில் செய்ததாம். தாய்க்காரி அந்தப் படத்தைத் தடவித் தடவி அழுதாள். அழுது முடிய முகம் தெளிந்திருந்தது. அதைத்தான் ரெஜினாவுக்கும் நினைத்தேன்.

எங்கள் மகள் ஷெரின் காய்ச்சலில் போகும்போது நாலு வயது. இருந்திருந்தால் இப்போது பத்து. பழைய படமொன்றைக் கொடுத்து, மாதா கோயிலில் முதல் நன்மை வாங்கும் உடுப்போடு பத்து வயதாக்கித் தரச் சொல்லியிருந்தேன். இன்றைக்கு ரெடி. வெள்ளை உடுப்பு, கையில் மெழுகுதிரி, இரண்டு பக்கமும் நாங்கள். கடைக்குள்ளேயே அழுதுவிட்டேன்.

ஸ்ரூடியோக்காரர் கதிரையை இழுத்துப் போட்டார். "அண்ணை, இருங்கோ. தண்ணி குடியுங்கோ."

படம் இப்போது அலுமாரிக்குப் பின்னால். கேக் சொல்லியாயிற்று.

ஜூன் 14, சனி

காலைப் பூசை. ரெஜினா நீலச் சீலை. முருங்கனிலிருந்து அவளுடைய தங்கச்சி ஜெசி வந்தாள். கேக் வெட்டினோம். எல்லாம் சரியாகத்தான் போனது.

பிறகு படத்தைக் கொடுத்தேன். கடதாசியைக் கிழித்தாள். பார்த்தாள். கனநேரம் பார்த்தாள்.

"ஆரிது?"

"எங்கட பிள்ளைதான். இப்ப இருந்தா இப்பிடித்தான் இருப்பாள் எண்டு..."

"என்ர பிள்ளைக்கு நாலு வயசு. இந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது."

கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோலச் சொன்னாள். படத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஜெசி என்னைப் பார்த்தாள். "என்னத்துக்கு அத்தான் இந்த வேலை?"

ஜெசி மூன்று மணி பஸ்ஸில் போய்விட்டாள். கேக்கில் எறும்பு.

ஜூன் 15, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை, இருவரும். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். ஆறிப்போய்க் கிடந்தது. திரும்பப் போட்டேன். அதுவும்.

மத்தியானம் தானாகவே குசினிக்குள் வந்தாள். கண் வீங்கி. சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஒவ்வொரு நாளும் கண்ணை மூடி அவளைக் கொண்டுவாறனான். பாத்திரம் கழுவேக்க, உடுப்புத் தோய்க்கேக்க. உடன வந்திடுவாள். நேற்றிலிருந்து வாறாள் இல்லை. கண்ணை மூடினா அந்தப் பெரிய பிள்ளைதான் மெழுகுதிரியோட நிக்குது."

"கொஞ்ச நாளில சரியாப் போடும்."

"போகாட்டி?"

வீட்டில் இருக்கிற பழைய படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இதெல்லாம் படம்" என்றாள். "அவள் அசைவாள். எனக்குள்ள அசைவாள்."

நான் என்ன செய்துவிட்டேன் ஆண்டவரே. ஒருமுறை காய்ச்சல் கொண்டுபோனது. மிச்சமிருந்ததை நான் கொண்டுபோய்விட்டேன்.

ஜூன் 16, திங்கள்

கடை திறக்க முன்னரே ஸ்ரூடியோ வாசலில். சட்டத்தோடு திருப்பிக் கொடுத்தேன்.

"அண்ணிக்குப் பிடிக்கேல்லையோ?"

"அழியுங்கோ. கொம்பியூட்டரில இருக்கிறதையும்."

என் கண் முன்னாலேயே அழித்தார். அழியும்போதும் அந்தப் பிள்ளை சிரித்தபடிதான். பாவம், அது என்ன செய்தது.

வீட்டுக்கு வந்தால் ரெஜினா இல்லை. ஜெசி வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஷெரினின் மஞ்சள் சட்டையைக் காணவில்லை. கொண்டுபோயிருக்கிறாள். அவளுக்குப் போன் எடுத்தேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

வேலை ஓடவில்லை. இஞ்சின்காரர் வந்து சத்தம் போட்டார். போடட்டும். சமைக்கவில்லை. பாணும் சம்பலும், பாதி.

கண்ணை மூடிப் பார்த்தேன், எனக்காவது வருகிறாளா என்று. வரவில்லை. எனக்கு எப்போது நின்றது என்றே தெரியாது. அதற்காகத்தான் படம் செய்வித்தேனோ? ரெஜினாவுக்கு என்று சொல்லிக்கொண்டு?

ஜூன் 18, புதன்

முருங்கன் பஸ். கடலுக்கு நடுவே போகும் தாம்போதி வீதியில் காற்று பஸ்ஸையே ஆட்டியது. ஜெசி வாசல் படலையில் மறித்தாள். "கதைக்கமாட்டன் எண்டுறா அக்கா. போங்கோ அத்தான், பிறகு வாங்கோ."

நின்றேன். வெயிலில் வேப்பமரத்தோடு சாய்ந்தபடி. எவ்வளவு நேரமோ. ரெஜினா வந்தாள், படலைக்கு உட்பக்கமே நின்றாள்.

"உங்களுக்கு அவளின்ர முகம் வருதோ?"

பொய் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது.

"இல்லை. எனக்குக் கனகாலமா வாறேல்லை. குரல் மட்டும் இருக்கு."

அவள் படலையைப் பிடித்தாள். "என்ன சொல்லுறாள்?"

பள்ளிமுனைக் கரையில் ஒருநாள். இதே சோளகம். ஷெரின் என் கையைப் பிடித்துக்கொண்டு, பயத்தில் பாதி, சிரிப்பில் பாதி. அதைச் சொன்னேன், அவளுடைய குரல் மாதிரியே: "அப்பா, காத்து என்னைத் தள்ளுது."

ரெஜினா கேட்டபடி நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பஸ்ஸில் வரும்போது நடுவீதியில் இறங்கி எங்காவது நடந்து போய்விடலாம் போலிருந்தது.

ஜூன் 20, வெள்ளி

காற்று கூடிவிட்டது. கழற்றிய இஞ்சினைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருக்கும்போது போன். கை முழுக்க எண்ணெய். ரெஜினா. ஹலோ இல்லை, ஒன்றுமில்லை.

"தள்ளுது இல்லை. தய்யுது. அவளுக்கு 'ள' வராது."

"ஓம்" என்றேன். "ஓம். தய்யுது."

"வடிவாச் சொல்லுங்கோ."

"அப்பா, காத்து என்னைத் தய்யுது."

அந்தப் பக்கம் அவளும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்: "தய்யுது."

"முகம் வந்ததோ ரெஜினா?"

"இன்னும் இல்லை."

எப்போது வருவாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளும் போனை வைக்கவில்லை.