பாதி சாமியான நம் மகள்

நேற்றுப் பறித்த மிளகை இன்று வெந்நீரில் முக்கிக் களத்தில் கொட்டினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் முதலில் உங்கள் சட்டை நினைவுக்கு வந்தது. அடுத்து கோபம் வந்தது. உயிரோடு இருந்தவரை நான் வாயைத் திறந்தாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செம்மேட்டுக்கு பஸ் ஏறிவிடுவீர்கள். இப்போது எங்கேயும் போக முடியாது. உட்கார்ந்து கேளுங்கள்.

விடாமல் மழை கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்துக்கொண்டு மூவரும் டிவியில் ஒரு படம் பார்த்தோமே, வெள்ளைக்காரர்கள் தமிழ் பேசும் படம். கிரேக்க தேசத்துச் சாமிக்கும் சாதாரண மனுஷிக்கும் பிறந்த பையன் ஒருவன். பாதி சாமி, பாதி மனுஷன். அது தெரியாமல் பள்ளிக்கூடம் போய் வாத்தியாரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பான். நீங்கள் மகளைத் தோளால் இடித்து, "சாமிக்கே பொறந்தாலும் ஊட்டுப்பாடம் எழுதித்தான் ஆகோணும், பாத்தியா கண்ணு" என்றீர்கள். கடைசியில் அந்தப் பையன் மலை உச்சியிலிருந்து குதிப்பான். அதுவரை முகமே காட்டாத அப்பன்சாமி காற்றாக வந்து அவனை ஏந்திக்கொள்வார்.

மழை விட்டதும் நம் மகள் களத்துச் சுவரில் ஏறி நின்றுவிட்டாள். "கண்ண மூடிட்டுக் குதி, அப்பன் புடிச்சுக்கறேன்" என்றீர்கள். குதித்தாள், பிடித்தீர்கள். பிறகு அதுவே தினப்படி விளையாட்டாகிவிட்டது. நான் ஒவ்வொரு தடவையும் ஓடிவந்து பக்கத்தில் நிற்பேன்.

"கை தவறுச்சுன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"நான் இருக்கறப்ப எப்படிப் புள்ள தவறும்?"

இருந்தவரை தவறவில்லை, உண்மைதான்.

போன ஆவணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த உங்களை வேனில் ஏற்றி மலையிறங்கினோம். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியைக்கூட நீங்கள் தாண்டவில்லை. கருமாதியன்று உங்கள் போட்டோவுக்குப் பொட்டு வைத்து, இலை போட்டு, எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். மகள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உங்கள் அண்ணன் அவளை மடியில் இருத்திக்கொண்டு, "உங்கப்பன் எங்கயும் போவல கண்ணு. சாமி ஆயிட்டான். மேல இருந்து உன்னயப் பாத்துக்குவான்" என்றார். நம்மில் செத்தவர்களுக்கெல்லாம் சொல்வதுதானே. உங்கள் அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னோம். அமாவாசைக்கு அமாவாசை நானும் படையல் வைத்து, "புள்ளயக் காப்பாத்துங்க சாமி" என்று உங்களையே கும்பிட்டேன். அவள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன வாரம் மிளகு பறிக்க வந்த ஆட்கள் சோற்றுக்கு வரும்போது ஏணியை, மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலேயே சாத்திவிட்டு வந்தார்கள். உங்கள் அண்ணனும் பந்தியில் இருந்தார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டே மகளைக் கூப்பிட்டேன். பதில் மேலேயிருந்து வந்தது. கணுக்களையே படியாக விட்ட ஒற்றை மூங்கில் ஏணியின் நுனியில், ஒரு கையால் மிளகுக்கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே முழுக்கப் பாறை.

"தள்ளி நில்லும்மா. அப்பா புடிக்கட்டும்."

ஏறிப் பிடிக்கவும் வழியில்லை. கீழே ஒருவர் கால் வைத்தால் மேலே ஏணி ஆடும்.

"கண்ணு, எறங்கி வந்துரு சாமி."

"அந்தப் பையன் குதிச்சதுக்கப்புறம்தானே அவங்கப்பா வந்தாரு? எங்கப்பாவும் சாமிதானே. அப்ப நானும் பாதி சாமிதானேம்மா."

அந்த நேரத்திலும் உங்களைத்தான் வேண்டினேன், போதுமா? சாமி, சாமி என்று உள்ளுக்குள் கதறினேன். எதுவும் நடக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்பா வரமாட்டாரு கண்ணு" என்றேன். "அவரு சாமி ஆவல. செத்துப்போயிட்டாரு. நம்மளாட்டம் மனுசந்தான், செத்துட்டாரு. நீ குதிச்சா புடிக்க யாரும் வரமாட்டாங்க."

அந்த வார்த்தையை அதுவரை நான் எனக்குள்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. ஆட்கள் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள். உங்கள் அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். மகள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு காலால் மூங்கில் கணுவைத் துழாவினாள். அவள் ஒவ்வொரு கணுவாக இறங்கி முடிக்கும்வரை ஏணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

தரையில் கால் வைத்ததும், "அப்ப நான் பாதி சாமி இல்லியா?" என்று கேட்டாள்.

"இல்ல கண்ணு."

"உழுந்திருந்தா செத்திருப்பனா?"

"ஆமா."

என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அப்பா, அப்பா" என்று அழுதாள். கருமாதிக்கு அழாத பிள்ளை அன்று பொழுது சாயும்வரை அழுதாள்.

நாளை அமாவாசை. கோபித்துக்கொள்ளாதீர்கள், படையல் வைப்பேன். எள்ளுருண்டையும் உண்டு. ஆனால் பிள்ளையைக் காப்பாற்றச் சொல்லி உங்களிடம் கேட்க மாட்டேன். அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வரக் கொஞ்சம் தாமதமானாலும் ரோட்டில் போய் நிற்கிறேன். காற்றில் மரம் முறியும் சத்தம் கேட்டால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். ஏனுங்க, முன்பெல்லாம் என் பயத்தில் பாதியை நீங்கள் சிரித்தே வாங்கிக்கொள்வீர்கள். இப்போது முழுவதையும் நானே வைத்திருக்கிறேன்.